கழுகுமலை வெளிறித் தெரிந்த காலைகள்

வாடகைக்கு அறை கேட்டு வருகிறவர்கள் தண்ணீர் வருமா, கக்கூஸ் தனியா என்று கேட்பார்கள். அவள் எங்கள் வீட்டு வாசலில் தகரப்பெட்டியோடு நின்றுகொண்டு, “மைனி, ஒங்க மொட்டை மாடியில இருந்து பாத்தா கழுகுமலை தெரியுமா?” என்று கேட்டாள்.

முன்பின் அறியாதவள் அண்ணன் பெண்டாட்டியைக் கூப்பிடுகிற மாதிரி மைனி என்று கூப்பிட்டதில் எனக்கு மனசு குளிர்ந்துதான் போனது. தெரியும் என்றேன்.

“எப்பவும் தெரியுமா?”

அதுவரைக்கும் அப்படி யாரும் என்னிடம் கேட்டதில்லை. எங்கள் வீடு கோவில்பட்டியின் மேற்கு ஓரத்தில் இருந்தது. அதற்கப்பால் கரிசல் காடு தட்டையாகக் கிடக்கும். அதன் கடைசியில் மலை. துணி காயப்போடப் போகிறபோது கண்ணில் படும். படாத நாட்களும் இருந்திருக்க வேண்டும்.

“சில நாள் தெரியாது.”

“அது போதும்” என்று பெட்டியை வாசற்படியில் இறக்கினாள். வாடகை எவ்வளவு என்று கேட்கவே இல்லை. அதை நான்தான் சொன்னேன்.

எண்பதுகள் தொடங்கியிருந்த சமயம். அவளுக்கு இருபத்தேழு இருபத்தெட்டு வயதிருக்கும். எனக்கு அவளைவிட நாலைந்து வயது கூட. தாமிரபரணிக் கரையில் ஏதோ ஓர் ஊர்க்காரி. பல்கலைக்கழகம் ஒன்றில் ஆராய்ச்சிப் படிப்பு. ஒல்லியான உடம்பு, பெரிய கண்ணாடி, எதையோ தொலைத்துவிட்டுத் தேடுகிற மாதிரியான முகம். நான் அவளை டீச்சர் என்று கூப்பிட்டேன். “நான் டீச்சர் இல்ல மைனி” என்று ரொம்ப நாள் சொல்லிப் பார்த்தாள். படித்த பெண்ணை வேறு எப்படிக் கூப்பிடுவது என்று எனக்குத் தெரியவில்லை.

மாடியில் அவள் ஒரு முக்காலியை நட்டு, அதன் மேல் கறுப்புக் குழாய் ஒன்றைப் பூட்டினாள். முன்னால் கண்ணாடி வில்லை. பின்னால் வெளிச்சத்தை அளக்கிற பெட்டி, அதில் ஆடுகிற ஒரு முள். நீலம், பச்சை, சிவப்பு என்று வண்ணக் கண்ணாடிகளை மாற்றி மாற்றிச் சொருகி மலையைப் பார்ப்பாள். பிறகு மலையை ஒட்டிய வானத்தைப் பார்ப்பாள். அப்புறம் இரண்டு வெப்பமானிகள் பதித்த ஒரு கட்டையை எடுத்துக் கிலுகிலுப்பை போலத் தலைக்கு மேலே சுழற்றுவாள். ஒரு வெப்பமானியின் அடியில் ஈரத்துணி சுற்றியிருக்கும். இரண்டும் காட்டுகிற வித்தியாசத்தை வைத்துக் காற்றில் எவ்வளவு ஈரம் என்று சொல்லிவிடலாமாம்.

“இதெல்லாம் எதுக்கு?” என்று கேட்டேன்.

“காத்துல கண்ணுக்குத் தெரியாத தூசி மெதக்கு மைனி. பொகை, மண்ணு, கடல்ல இருந்து வாற உப்பு. ஈரம் கூடினா அதுல சில தூசி தண்ணிய இழுத்து வீங்கும். அது வீங்க வீங்க மலை வெளிறிப் போவும். இங்கன நின்னுக்கிட்டே, அதத் தொடாம, எம்புட்டு வீங்கியிருக்குன்னு கண்டுபிடிக்கணும்.”

“கண்டுபிடிச்சு?”

“தெரியல. மொதல்ல கண்டுபிடிக்கணும்லா” என்றாள்.

தெரியல என்கிற சொல்தான் அவள் வாயில் அதிகம் புழங்கிய சொல். சோறு குழைந்துவிட்டதா என்று கேட்டால்கூட நாலு பருக்கையை நசுக்கிப் பார்த்துவிட்டு, “கொழைஞ்சாப்புலதான் இருக்கு, சரியாத் தெரியல” என்பாள். தெருவில் அவளுக்கு ‘தெரியாது டீச்சர்’ என்று பெயர் விழுந்தது.

அதற்குக் காரணம் என் வீட்டுக்காரர். அவர் ஊர் எல்லையில் சின்னதாகத் தீப்பெட்டி ஆபீஸ் ஒன்று நடத்திக்கொண்டிருந்தார். குச்சி அடுக்கிய சட்டங்களை மருந்தில் முக்கி வெயிலில் காயவைக்க வேண்டும். காற்றில் ஈரம் இருந்தால் குச்சித் தலை நசநசத்துப்போகும், பெட்டியில் போட்டாலும் பற்றாது. ஐப்பசி கார்த்திகை வந்தால் எங்கள் வீட்டில் யாருக்கும் சரியாகச் சோறு இறங்காது. மாடியில் ஈரத்தை அளக்கிற ஆள் ஒருத்தி இருக்கிறாள் என்றதும் அவருக்குப் புதையல் கிடைத்த மாதிரி இருந்தது.

“டீச்சரம்மா, நாளைக்கு மருந்து முக்கலாமா?”

“நாளைக்கு எப்படி இருக்கும்னு தெரியாது அண்ணாச்சி. இப்ப எப்படி இருக்குன்னு சொல்லுதேன்” என்று படியேறி ஓடுவாள். கட்டையைச் சுழற்றுகிற சத்தம் கீழே கேட்கும். இறங்கிவந்து, “காஞ்சுதான் இருக்கு” என்பாள். உடனே, “நான் படி எறங்கி வாறதுக்குள்ள மாறியிருந்தாலும் மாறியிருக்கும்” என்று சேர்த்துக்கொள்வாள். அவர் இதைக் கடைத்தெருவில் நடித்துக் காட்டிச் சிரிக்கவைப்பார். ஆனால் தினமும் அவளைக் கேட்காமல் சைக்கிளை எடுக்கமாட்டார்.

ஓர் ஐப்பசிக் காலை அவள் காய்ந்துதான் இருக்கிறது என்றாள். அவர் போய் இருந்த சட்டம் முழுவதையும் முக்கிவிட்டார். மத்தியானம் கிழக்கிலிருந்து இருட்டிக்கொண்டு வந்து கொட்டியது. அத்தனையும் பாழ். அவர் நனைந்து திரும்பியபோது மாடிப்படியில் அவள் உட்கார்ந்திருந்தாள். முகம் வீங்கியிருந்தது.

“நான் சொன்னதாலதான் அண்ணாச்சி.”

“ஏம்மா, மழைய நீயா வரச் சொன்ன? நீ இப்பத்துக்குத்தான சொன்ன. மத்தியானத்துக்கும் சேத்து நெனச்சுக்கிட்டது நானு.”

அவர் எவ்வளவோ சொல்லியும் அவள் அன்றைக்குச் சாப்பிடவில்லை. மறுநாள் ஈரத்துணியைக் கழற்றிக் கொதிநீரில் போட்டு அலசினாள். பேட்டரிக் கடையிலிருந்து புதிதாகக் காய்ச்சி வடித்த தண்ணீர் வாங்கிவந்து துணியை நனைத்தாள். வெப்பமானிகள் சரியாகத்தான் இருந்தன. சரியாக இருந்ததில் அவளுக்கு நிம்மதி வரவில்லை. “தப்பு இருந்து நமக்குத் தெரியாமப் போனா என்ன செய்ய மைனி?” என்றாள். அந்தக் கேள்வி அப்போது எனக்கு வேடிக்கையாக இருந்தது. தையும் மாசியும் வந்தபோது அது வேடிக்கையாக இல்லை.

தை பிறந்து மழை விட்டு, கிழக்கிலிருந்து கீழ்க்காற்று வீசத் தொடங்கியது. விளாத்திகுளத்துக்கும் அப்பால், குளத்தூர் உப்பளத்துப் பக்கமிருந்து வருகிற காற்று. அவள் இத்தனை மாதம் காத்திருந்ததே அதற்குத்தான். அந்த நாட்களில் விடியற்காலை காற்றில் ஈரம் மிகுந்திருக்கும். வெயில் ஏற ஏற ஈரம் இறங்கும். மத்தியானம் உதடு வெடிக்கிற மாதிரி காய்ந்துவிடும். பொழுது சாயச் சாய மறுபடி ஏறும். ஆக, ஒரே அளவு ஈரத்தைக் காற்று ஒரு நாளில் இரண்டு தடவை தொடும். காலையில் இறங்குகிறபோது ஒரு தடவை, சாயங்காலம் ஏறுகிறபோது ஒரு தடவை. ஈரம் ஒன்றே என்றால் தூசியின் வீக்கமும் ஒன்றாகத்தானே இருக்க வேண்டும்? மலையும் ஒரே மாதிரிதானே தெரிய வேண்டும்?

தெரியவில்லை. காலையில் மலை சாம்பல் பூசிய மாதிரி வெளிறிக் கிடந்தது. சாயங்காலம் அதே ஈரத்தில் கருகருவென்று நின்றது.

முதல் நாள் இதை அவள் என்னிடம் வந்து சொன்னாள். “எங்கயோ தப்புப் பண்ணுதேன் மைனி.”

அதற்கப்புறம் அவள் தப்பைத் தேடத் தொடங்கினாள். வில்லையைத் துடைத்தாள். முள் காட்டுகிற பெட்டியைப் பிரித்துப் பூட்டினாள். கண்ணாஸ்பத்திரிக்குப் போய்க் கண்ணைச் சோதித்துக்கொண்டாள். அதுவும் போதாமல், “நான் நெனைக்கிறதத்தான் நான் பாக்குதேனோ என்னமோ. நீங்க வந்து முள் எங்கன நிக்குன்னு மட்டும் சொல்லுங்க. ஈரம் எம்புட்டுன்னு நான் சொல்லமாட்டேன்” என்று என்னை மாடிக்குக் கூட்டிப்போனாள். நான் அடுப்பில் உலையை வைத்துவிட்டு மேலே போய் முள்ளைப் பார்த்துச் சொல்வேன். அவள் எனக்கு முதுகு காட்டி நின்றுகொண்டு எழுதுவாள். எழுதி முடித்துத் திரும்பும்போது அவள் முகத்தைப் பார்த்தாலே தெரியும், என் கண்ணும் அவளைக் காப்பாற்றவில்லை என்று.

சோறு பாதியாகக் குறைந்தது. கண்ணாடிக்குள் கண் குழிந்துகொண்டே போனது. அந்த வருஷத்தோடு அவளுடைய உதவித்தொகை நின்றுவிடும் என்பதும், ஊரில் அவள் அப்பா மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருக்கிறார் என்பதும் எனக்கு அப்போதுதான் தெரியவந்தது. மாடியில் நடமாட்டம் கேட்டால் எனக்குப் பயமாக இருக்கும். கேட்காவிட்டால் அதைவிடப் பயமாக இருக்கும். ஏதாவது சாக்கு வைத்து மேலே போய் எட்டிப் பார்த்துவிட்டு வருவேன்.

ஒரு நாள் தபாலாபீசுக்குப் போய்த் தன் பேராசிரியருக்கு டிரங்க்கால் போட்டாள். நானும் கூடப் போயிருந்தேன். கண்ணாடிக் கூண்டுக்குள் அவள் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டுக்கொண்டிருந்தாள். வெளியே வந்ததும், “சார் சிரிச்சாவ மைனி” என்றாள்.

“என்ன சொன்னாரு?”

“காலைல வெயில் கெழக்கே இருந்து மலை மொகத்துல நேரா அடிக்குது. அதான் மலை வெளிறித் தெரியுது. சாயங்காலம் சூரியன் மலைக்குப் பின்னால போயிருது, அதனால கறுப்பாத் தெரியுது. ஈரத்துக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல. காலைல எடுத்தத எல்லாம் தூக்கிப் போட்ருன்னு சொல்லுதாவ. பங்குனியில நேருல வாராவளாம்.”

“அப்ப சரிதான். தூக்கிப் போட்டுட்டு நிம்மதியாத் தூங்கு.”

அவள் விறுவிறுவென்று நடந்தாள். ரயில்வே கேட் மூடியிருந்தது. கூட்ஸ் வண்டி போய் முடிகிறவரை நின்றோம். அது போய், கேட் திறந்து, எல்லோரும் நகர்ந்த பிறகும் அவள் நின்றுகொண்டிருந்தாள்.

“மைனி, மலைக்கு அந்தப் பக்கம் போய்ப் பாத்தா என்ன?”

“எந்தப் பக்கம்?”

“மேக்கே. சங்கரன்கோயில் ரோட்டுல. அங்கன இருந்து பாத்தா வெயில் மாறியிரும்லா. காலைல சூரியன் மலைக்குப் பின்னால நிக்கும், சாயங்காலம் மொகத்துல அடிக்கும். சார் சொல்லுதது சரின்னா, அங்கன காலைல கறுப்பாத் தெரியணும், சாயங்காலம் வெளிறணும். அப்படி இருந்துட்டா என் தப்பு என்னன்னு தெரிஞ்சு போவும்.”

அவள் தப்பு என்னவென்று தெரிந்துகொள்ள அத்தனை ஆசையாக இருந்தாள். என் வீட்டுக்காரர் முதலில் ஒத்துக்கொள்ளவில்லை. “ரெண்டு பொம்பளைய பொட்டல் காட்டுல பகல் பூரா நின்னு மலையப் பாக்கப் போறியளாக்கும்” என்றார். பிறகு அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, அவரே டிபன் கேரியரைத் துடைத்துக் கொண்டுவந்து வைத்தார்.

விடிகிற நேரத்துப் பஸ்ஸில் போனோம். முக்காலி என் மடியில், குழாய் அவள் மடியில். கழுகுமலையைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போய் இறங்கிக்கொண்டோம். ரோட்டை விட்டு உள்ளே ஒரு மேடு, அதில் ஒற்றை வேப்பமரம். சுற்றிலும் பருத்தி வெடித்துக் கிடந்தது. கிழக்கே மலை, அதன் பின்னால் சூரியன். இந்தப் பக்கத்து முகத்தில் வெயிலே இல்லை. பேராசிரியர் சொன்னபடி அது கறுத்திருக்க வேண்டும்.

ஈரம் இறங்கி, அவள் எதிர்பார்த்த அளவைத் தொட்டபோது மலை வெளிறித்தான் கிடந்தது.

அவள் குழாயில் கண்ணை வைத்தாள். பார்த்தாள், எழுதினாள், திரும்பப் பார்த்தாள். “இன்னும் ஒண்ணும் சொல்ல முடியாது. சாயங்காலம் பாக்கணும்” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

மத்தியானம் மரநிழலில் புளியோதரை சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது மூன்று பேர் வந்தார்கள். முன்னால் வந்தவர் அந்த நிலத்துக்காரர். நெடுநெடுவென்ற உயரம், தோளில் துண்டு, கையில் தொரட்டி. முக்காலியைச் சுற்றிவந்து பார்த்தார்.

“நெலத்த அளக்க வந்திருக்கியளோ?”

அந்தப் பக்கத்தில் புது ரோட்டுக்கு நிலம் எடுக்கப்போகிறார்கள் என்று ஒரு பேச்சு உலவிக்கொண்டிருந்ததாம். எங்களுக்கு அது தெரியாது.

“இல்ல அண்ணாச்சி, காத்த அளக்கோம்” என்றாள் அவள்.

பின்னால் நின்ற ஒருவர் சிரித்தார். நிலத்துக்காரர் சிரிக்கவில்லை. குழாயை முக்காலியிலிருந்து கழற்றச் சொல்லி, துண்டில் சுற்றி அக்குளில் இடுக்கிக்கொண்டார். “தலையாரி வரட்டும். அதுவரைக்கும் ரெண்டு பேரும் ஊருக்குள்ள வந்து இருங்க” என்றார்.

தெரியாத ஊர், வீட்டுக்குத் தகவல் சொல்ல வழியில்லை, கடைசி பஸ் எப்போது என்றுகூட உறுதியில்லை. எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. பூனை குறுக்கே போனாலே நெஞ்சைப் பிடித்துக்கொள்கிற அவள், கொஞ்சமும் பதறாமல் அவரைப் பார்த்துச் சொன்னாள்.

“எங்கள எங்கன வேணும்னாலும் கூட்டிட்டுப் போங்க அண்ணாச்சி. ஆனா பொழுது சாயறதுக்கு முன்னால திரும்ப இந்த மரத்தடிக்கே கொண்டாந்து விட்ருங்க. ஈரம் ஏறிருச்சுன்னா இன்னைக்கு எடுத்தது எதுக்கும் ஆவாது.”

அவர் இவளை ஏற இறங்கப் பார்த்தார். “எந்த ஈரம்?”

இவள் சொல்லத் தொடங்கினாள். காற்றில் மிதக்கிற உப்புத்தூள், அது தண்ணீரை இழுத்து வீங்குவது, மலை வெளிறுவது எல்லாவற்றையும் என்னிடம் சொன்ன மாதிரியே சொன்னாள். அவர் புருவத்தைச் சுருக்கிக்கொண்டு கேட்டார்.

“காத்துல உப்பா? கடல் எங்க கெடக்கு, நாங்க எங்க கெடக்கோம்?”

“கொளத்தூர்ப் பக்கத்துல இருந்து கீழ்க்காத்துல வருது.”

“நிச்சயமாத் தெரியுமா?”

இவள் வாயைத் திறந்தாள். எனக்கு அவள் என்ன சொல்லப்போகிறாள் என்று தெரிந்துவிட்டது. முழங்கையால் இடித்தேன்.

“நிச்சயம்னு சொல்ல முடியாது அண்ணாச்சி. உப்பாத்தான் இருக்கணும்னு நெனைக்கேன்.”

“ஏட்டி, ஆமான்னு சொல்லேன்!” என்று கத்திவிட்டேன். அதுவரைக்கும் அவளை நான் ஏட்டி என்று கூப்பிட்டதில்லை.

“எப்படி மைனி சொல்ல? தெரியலையே” என்றாள், கண்ணில் நீர் கட்ட.

நிலத்துக்காரர் அக்குளில் இருந்த குழாயை எடுத்துத் துண்டைப் பிரித்தார். பின்னால் நின்றவர்களிடம் திரும்பி, “நெலத்த எடுக்க வாறவன் எல்லாம் நிச்சயமாத்தான்ல பேசுவான்? இது என்னமோ வேற” என்றார். குழாயை அவளிடம் நீட்டினார். ஆனால் போய்விடவில்லை. மரத்தடியில் குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டார். சாயங்காலம் வரை எங்களைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

பொழுது சாய்ந்தது. அவள் கட்டையைச் சுழற்றுவதும் பார்ப்பதும் மறுபடி சுழற்றுவதுமாக இருந்தாள். வெயில் இப்போது எங்கள் முதுகுக்குப் பின்னாலிருந்து மலை முகத்தில் நேராக அடித்துக்கொண்டிருந்தது. காலையில் இருந்த அளவை ஈரம் தொட்டது. அவள் குழாயில் கண்ணை வைத்தாள். எடுத்தாள். வண்ணக் கண்ணாடியை மாற்றிவிட்டு வைத்தாள். என்னை முள்ளைப் பார்க்கச் சொன்னாள். அப்புறம் அவரிடம் கேட்டாள்.

“அண்ணாச்சி, வெறுங்கண்ணால பாத்துச் சொல்லுங்க. மலை காலைல இருந்தாப்புல இருக்கா, வேற மாதிரி இருக்கா?”

அவர் எழுந்து நின்று பார்த்தார். “காலைல நான் காட்டுக்கு வாறப்பப் பொகை மூட்டமா இருந்துது. இப்பக் கல்லு கல்லாத் தெரியுதே.”

வெயில் முகத்தில் அடித்தும் மலை வெளிறவில்லை. அப்படியென்றால் வெயில் காரணம் இல்லை. அது எனக்கே புரிந்தது. நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன். அவள் கை சில்லிட்டுக் கிடந்தது.

நிலத்துக்காரரே எங்களைப் பஸ் ஏற்றிவிட்டார். ஒரு மடி நிறையப் பழுத்த மிளகாய் கொடுத்தார். பஸ்ஸில் வெகுதூரம் வந்த பிறகு அவள் பேசினாள்.

“உப்பு அப்படித்தான் மைனி. ஈரத்துல கரைஞ்சு துளியாயிட்டா, லேசுல காயாது. ஈரம் ரொம்ப எறங்கினாத்தான் திரும்பக் கல்லாவும். கல்லாயிட்டா, ஈரம் ரொம்ப ஏறினாத்தான் திரும்பக் கரையும். அதான் காலைல இன்னும் துளியாவே வீங்கிக் கெடக்கு. சாயங்காலம் கல்லாச் சுருங்கிக் கெடக்கு. பெரிய பெரிய ஆள்கள் சோதனைக் கூடத்துக்குள்ள ஒரு கண்ணாடிக் குமிழியில வச்சு இதப் பாத்திருக்காங்க. பொஸ்தகத்துல இருக்கு.”

“அப்ப ஒனக்கு முன்னாலயே தெரியுமா?”

“தெரியும். ஆனா மொட்டை மாடியில நின்னு, ஒரு குழாய வச்சுக்கிட்டு, வெட்டவெளியில இத நான் பாத்துட்டேன்னு எப்படிச் சொல்ல? நான் யாரு?” என்றாள். ஜன்னல் கம்பியில் நெற்றியை வைத்துக்கொண்டாள். “என் தப்புன்னு ஆயிருந்தா நல்லாருந்திருக்கும். தப்பத் திருத்திட்டுப் போயிருப்பேன். இப்ப சார் முன்னால நிக்கணும்.”

பேராசிரியர் பங்குனியில் வந்தார். கொடுமைக்காரர் எல்லாம் இல்லை. அமைதியான மனிதர், வெள்ளை வேட்டியைப் போல மடிப்புக் கலையாத பேச்சு. மாடியில் பாயை விரித்து உட்கார்ந்து அவள் கோடு போட்ட தாள்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். நான் காபி கொண்டுபோனவள் இறங்கி வர மனமில்லாமல் கொடியில் கிடந்த துணிகளை மடிக்கிற மாதிரி நின்றுகொண்டேன். கீழே முற்றத்தில் என் வீட்டுக்காரர் ஆபீசுக்குப் போகாமல் சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருந்தார். துடைத்த இடத்தையே துடைத்துக்கொண்டிருந்தார்.

“காலை அளவெல்லாம் இன்னும் இருக்கே. எடுத்திரச் சொன்னேனே” என்றார் பேராசிரியர்.

“அந்தப் பக்கமும் போய்ப் பாத்தேன் சார்.”

“எந்தப் பக்கம்?”

சொன்னாள். எதையும் விடாமல் சொன்னாள். மலையின் மேற்கு முகம், வெயில் நின்ற திசை, ஈரம், முள், வண்ணக் கண்ணாடி ஒவ்வொன்றிலும் வந்த வித்தியாசம். வீங்காத பொடித்தூசி நீலத்தை அதிகமாகத் தடுக்கும், வீங்கின தூசி எல்லா நிறத்தையும் ஏறக்குறைய ஒன்றாகத் தடுக்கும், காலையில் இருந்தது வீங்கின தூசிதான் என்று சொல்லி நிறுத்தினாள். அவர் தாளைக் கீழே வைத்துவிட்டு மேற்கே பார்த்தார். மலை அன்றைக்கு மங்கலாகத்தான் இருந்தது.

“ஒரு நாள் பாத்ததை வச்சா சொல்றே?”

“அந்தப் பக்கம் ஒரு நாள்தான் சார். இந்தப் பக்கம் கீழ்க்காத்து அடிச்ச நாள் எல்லாம்.”

“இது உப்போட வேலைன்னு உனக்கு நிச்சயமா?”

நான் கையில் இருந்த துணியை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். இந்தத் தடவையாவது ஆமாம் என்று சொல்லிவிட மாட்டாளா என்று இருந்தது.

“இல்ல சார்” என்றாள். “நிச்சயம் இல்ல. ஆனா அத எடுத்துப் போட என்னால முடியாது. அது அங்கன இருக்கு. நான் பாத்தேன்.”

அவர் ஆறிப்போன காபியை எடுத்து ஒரு மடக்குக் குடித்தார். பிறகு பேனாவைத் திறந்து, தாளின் ஓரத்தில் ஏதோ எழுதினார்.

“ரெண்டு கோடாவே போடு. ஏறுறது தனி, இறங்குறது தனி. வாய்மொழித் தேர்வுல கிழிப்பாங்க. நான் குறுக்கே வந்து பதில் சொல்லமாட்டேன். நீதான் சொல்லணும்.”

“சரி சார்.”

அவர் போனபிறகு அவள் ஒரு தடவை வாந்தி எடுத்தாள். சுக்கு வெந்நீர் போட்டுக் கொடுத்துப் படுக்கவைத்தேன். மறுநாள் காலை எழுந்து வந்து பார்க்கிறேன், மாடியில் கட்டை சுழல்கிற சத்தம் கேட்டுக்கொண்டிருக்கிறது. “அதான் சாரே ஒத்துக்கிட்டாரே, இன்னும் என்னத்துக்கு?” என்றேன். “இன்னைக்கும் கீழ்க்காத்து அடிக்கு மைனி” என்றாள்.

அவளுடைய ஆராய்ச்சி ஏற்கப்படுவதற்கு அதன்பின் இரண்டு வருஷம் பிடித்தது. கிழித்தார்களாம். திருப்பி அனுப்பினார்களாம். கடைசியில் இரண்டு கோடும் இரண்டு கோடாகவே நின்றதாம். வீட்டுக்காரர் பெயருக்கு வந்த ஒரு கார்டில் இதை எழுதியிருந்தாள். கல்லூரி ஒன்றில் வேலை கிடைத்திருக்கிறது என்றும், அப்பா மாப்பிள்ளை பார்ப்பதை இன்னும் நிறுத்தவில்லை என்றும் எழுதியிருந்தாள். இனிமேல் அவளை டீச்சர் என்று கூப்பிட்டால் மறுத்துப் பேச வழியில்லை என்று அவர் சிரித்தார்.

அந்த வருஷச் சித்திரையில் அவள் ஊருக்குக் கிளம்பிய நாளில் இதெல்லாம் எங்களுக்குத் தெரியாது. நானும் அவரும் கோவில்பட்டி ஸ்டேஷனுக்குப் போய் வழியனுப்பினோம். குழாயை வேறு யாரையும் தொடவிடாமல் மடியிலேயே வைத்துக்கொண்டாள். என்ன பேசுவதென்று தெரியாமல் நான் சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தேன். வண்டி அசைந்தது. கொஞ்ச தூரம் போனதும் ஜன்னலில் அவள் முகம் திடுக்கிட்டு வெளியே வந்தது.

“மைனி, மாடி ரூம பூட்டினேனா?”

நான் பார்க்கவில்லை. அவள்தான் கடைசியாக இறங்கிவந்தாள். நான் அப்போது வாசலில் ரிக்‌ஷாக்காரனிடம் பேசிக்கொண்டிருந்தேன்.

“பூட்டிட்ட, பூட்டிட்ட!” என்று கையை ஆட்டிக் கத்தினேன்.

அவள் முகம் தெளிந்தது. திரும்பவும் கேட்கவில்லை. தலையை உள்ளே இழுத்துக்கொண்டாள். வண்டி கண்ணுக்கு மறைந்தது.

வழியில் வீட்டுக்காரர் காய்கறி வாங்க நின்றார். நான் நிற்கவில்லை. அவர் பின்னாலிருந்து, “இந்தா, என்ன அவசரம்?” என்று கூப்பிட்டது காதில் விழுந்தது. வீட்டுக்குள் நுழைந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் மாடிப்படி ஏறினேன். அறை பூட்டித்தான் இருந்தது. பூட்டை இழுத்துப் பார்த்துவிட்டு இறங்கினேன். பாதிப் படியில் நின்றேன். திரும்ப ஏறிப்போய் இன்னொரு தடவை இழுத்துப் பார்த்தேன்.